பஃபலோ நகரில் ஒரு மார்கழி

நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் பலர். அங்கிருந்து அரைமணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பஃபலோ நகரைக் காணச் செல்வோர் மிகச் சிலர். நாமும் அந்தப் பலருள் ஒருவராகவே புறப்பட்டோம். 2017-ஆம் ஆண்டு மார்கழி மாதம் ரொறன்ரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த எம்மை, பஃபலோவிலே தொழில் பார்க்கும் மருமகன் வந்து தன் மோட்டார் வண்டியில் அழைத்துச் சென்றான். நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கித் திரும்புவதே எமது திட்டம். தங்கியதோ மூன்று வாரத்துக்கு மேல். அதற்குக் காரணம் நீர்வீழ்ச்சியன்று. பக்கத்து வீட்டுச் சமையலறை மேசைமீது கிடந்த ஓர் அப்பியாசக் கொப்பி.

நயாகராவைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆதலால் அதனை அப்படியே விட்டுவிட்டு, ஆற்றைக் கடந்து அப்பாற் செல்வோம். கனடாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் சமாதானப் பாலம் 1927-இல் திறக்கப்பட்டது. அதன் நடுவிலே நின்று தெற்கே நோக்கினால் ஈரி ஏரி கடல்போல் விரிந்து கிடக்கின்றது. இடப்புறத்தே நகரம். அதன் உயர்ந்த கட்டடங்களுக்கும் முந்திக் கண்ணிற் படுபவை, ஏரிக்கரை நெடுகச் சாம்பல் நிறத்தில், சாளரமே இல்லாமல், கோட்டைக் கொத்தளங்கள் போல் நிற்கும் பெரிய உருளைகள். அவை தானியக் களஞ்சியங்கள். ஒரு காலத்தில் அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் விளைந்த கோதுமையெல்லாம் ஏரிவழிக் கப்பல்களிலே இந்நகருக்கு வந்து சேர்ந்தது. 1825-இல் வெட்டி முடிக்கப்பட்ட 363 மைல் நீளமான ஈரிக் கால்வாய் வழியாக அது கிழக்கே சென்று, ஹட்சன் நதியிற் சேர்ந்து, நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தது. கப்பலின் வயிற்றிலிருந்து தானியத்தை மூட்டை மூட்டையாகத் தோளிற் சுமந்து இறக்கிய காலம் போய், வாளிகள் கோத்த பட்டியொன்றை நீராவியால் இயக்கி அள்ளும் முறையை 1842-இல் ஜோசப் டார்ட் என்னும் வணிகர் இங்கேதான் அமைத்தார். 1900-இல் அமெரிக்காவின் பெருநகரங்களுள் எட்டாவது இடம் பஃபலோவுக்கு.

பிறகு வந்த கதை வேறு. 1959-இல் சென் லோரன்ஸ் நீர்வழி திறக்கப்பட்டதும், கப்பல்கள் பஃபலோவிலே சரக்கிறக்காமல் நேரே கடலுக்குப் போகலாயின. நகரின் தெற்கெல்லையில் இருந்த பேரிரும்பாலையின் உலைகள் 1983-இல் அவிந்தன. 1950-இல் 5 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த சனத்தொகை 2010-இல் 2 இலட்சத்து 61 ஆயிரமாயிற்று. அறுபது ஆண்டுகளிற் பாதிக்கு மேற்பட்டோர் இல்லாமற் போன ஊர். ஆயினும் ஊர் செத்துவிடவில்லை. காலை வேளையிற் காற்று வாக்காக வீசினால் வறுத்த ஓட்ஸ் மணம் தெருவெல்லாம் கமழும். காலையுணவுத் தானியம் செய்யும் ஆலை ஒன்று ஏரிக்கரையில் நின்று நிலைத்திருக்கின்றது. எமது வீட்டிலே உழுத்தம்மா வறுக்கும்போது எழும் மணம் அது போன்றதே. பனிக்குளிரில் மூக்கு விறைத்து நின்றபோதும் அந்த மணம் எமக்கு எட்டியது.

நாம் சென்ற மறுநாள் டிசெம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே வானம் வெண்பஞ்சாகக் கொட்டத் தொடங்கியது. ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது. குளிர்காற்று அதன் நீளம் முழுவதும் ஓடிவந்து, இன்னும் உறையாத நீரிலிருந்து வெம்மையையும் ஈரத்தையும் அள்ளி, கரையேறியவுடன் பனியாகச் சொரிந்துவிடுகின்றது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் நகரின் தென்புறத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் 5 அடிக்கு மேற் பனி குவிந்து வீட்டுக் கதவுகளையே மூடியதாம். ஒரே நேரத்தில் நகரின் ஒரு பகுதியில் வெயிலும் மற்றொரு பகுதியில் இடுப்பளவு பனியும் இருப்பதுண்டு என்று மருமகன் சொன்னபோது நாம் நம்பவில்லை. பின்பு நம்பினோம்.

அன்று பிற்பகல் அவன் எம்மைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துச் சென்றான். ஓய்வுபெற்ற தபாற்காரரின் வீடு அது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பனியிலே வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர். எழுபதைத் தாண்டிய வயது. பேச்சு மிகக் குறைவு. மகன் வேலை தேடித் தென்மாநிலம் ஒன்றுக்குப் போய்விட்டார். இந்நகரத்துப் பிள்ளைகள் பலர் அப்படிப் போனவர்களே. மகளும் பேத்தியும் அவரோடு வசிக்கின்றனர். பேத்திக்குப் பதினேழு வயது. கல்லூரிக்குப் போகுமுன் பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருடம். அப்பியாசக் கொப்பி அவளுடையது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எம் நாட்டில் உதைபந்தாட்டம் என்று நாம் வழங்குவது வேறு; அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடைய பந்து இருபுறமும் கூர்ந்தது. காலால் உதைப்பதிலும் கையால் எறிவதும் ஏந்தி ஓடுவதுமே அதிகம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறவேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எம்மைப் போன்றோர் இவ்வளவு தெரிந்துகொண்டாற் போதும். நான்காவது முயற்சி என்பது கடைசிச் சொட்டு எண்ணெயில் எரியும் விளக்கு.

பஃபலோ நகரத்து அணியின் பெயர் ‘பில்ஸ்’. மேற்கத்திய நாடோடி வீரராகப் புகழ்பெற்ற பஃபலோ பில் என்பாரின் பெயரிலிருந்து வந்தது. அந்த மனிதருக்கும் இந்த நகருக்கும் பெயரொற்றுமையன்றி வேறு பெரிய உறவில்லை என்பது வேடிக்கை. ரால்ப் வில்சன் என்பார் 1959-இல் நிறுவிய இவ்வணி 1990-களின் தொடக்கத்தில் தொடர்ந்து நான்கு ஆண்டு நாட்டின் பேரிறுதி ஆட்டம் வரை சென்றது. நான்கிலும் தோற்றது. முதலாவது தோல்வி 1991 ஜனவரியில் 20–19 என்ற கணக்கில். கடைசி நொடிகளில் 47 யார் தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்புறமாக விலகிப் போயிற்று. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 8-இல் டென்னசியில் மற்றுமொரு கடைசி நொடித் தோல்வி. அன்றுதான் கடைசி. அதன் பிறகு பதினேழு பருவங்கள் ‘பிளே ஓவ்’ எனப்படும் இறுதிச் சுற்றின் வாயிலைக்கூட இந்த அணி மிதிக்கவில்லை. அமெரிக்காவின் நான்கு பெரிய தொழில்முறை விளையாட்டுகளிலும் அந்நாளில் அவ்வளவு நீண்ட வறட்சி வேறெந்த அணிக்கும் இருக்கவில்லை.

பேத்தி பிறந்தது 2000-ஆம் ஆண்டின் இறுதியில். அவள் ஆயுள் முழுவதும் அந்த வறட்சிக்குள்ளே அடங்கிவிட்டது.

அன்று தொலைக்காட்சியிற் கண்ட ஆட்டத்தை நாம் மறக்கமாட்டோம். ஆடுகளத்தின் கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. வீரர்கள் வெண்திரைக்குப் பின்னால் நடமாடும் நிழல்களாகத் தோன்றினர். இண்டியானாபொலிஸ் அணியோடு 7–7 என்று சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் மக்கோய் என்ற வீரர் பனியை உழுதுகொண்டு 21 யார் ஓடி 13–7 என வெற்றியை முடித்தார். வீட்டிலே ஆரவாரம் எழும் என்று எதிர்பார்த்தோம். முதியவர் தலையை மட்டும் அசைத்தார். பேத்தி கொப்பியைத் திறந்து ஏழாவது வெற்றி என்று குறித்தாள். தோல்வி ஆறு. எஞ்சியவை மூன்று ஆட்டம்.

“இனித்தான் மாமா, உண்மையான ஆட்டம்,” என்றான் மருமகன். “கணக்கு.”

கணக்கின் விதியைச் சுருங்கச் சொல்கிறோம். மொத்தம் 32 அணிகள், இரண்டு பெரும்பிரிவு. ஒவ்வொரு பெரும்பிரிவிலும் நான்கு சிறுபிரிவு. அந்நாளில் ஒரு பருவத்துக்கு ஓரணிக்கு 16 ஆட்டம். 2021 தொடக்கம் 17 ஆக்கிவிட்டனர். சிறுபிரிவிலே முதல்வராக வரும் நான்கு அணிகள் நேரே இறுதிச் சுற்றுக்குச் செல்லும். மற்றையவற்றுள் சிறந்த இரண்டுக்கு மட்டுமே அந்நாளில் இடமிருந்தது. பஃபலோவின் சிறுபிரிவிலே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்னும் மலைபோன்ற அணி இருந்தமையால் முதலிடத்தை ஒருவரும் கனவிலும் நினைக்கவில்லை. அந்த இரண்டு மிச்ச ஆசனங்களே எல்லார் கண்ணுக்கும் இலக்கு.

எஞ்சிய மூன்று ஆட்டங்களில் இரண்டு மயாமி டொல்பின்ஸ் அணியுடன், முதலாவது பஃபலோவிலும் மற்றது மயாமியிலும். நடுவிலே நத்தார்த் தினத்துக்கு முதல்நாள் பேட்ரியட்ஸின் ஊரில் ஓர் ஆட்டம். பேத்தி பேட்ரியட்ஸ் என்ற பெயருக்கு எதிரே ஆட்டம் நடக்குமுன்னரே தோல்வி என்று பென்சிலால் எழுதிவிட்டாள். “அதை வென்றால் அழித்து எழுதுவேன். வெல்வோம் என்று எழுதிவிட்டுப் பிறகு அழிக்க எனக்கு மனமில்லை,” என்றாள். ஆக மயாமியை இரண்டு முறையும் வென்றால் 9 வெற்றி, 7 தோல்வி. அது போதுமா? போதுமா என்பதைப் பஃபலோ தீர்மானிக்க முடியாது. பல்டிமோர், டென்னசி, லொஸ் ஏஞ்சல்ஸ் முதலிய ஊர்களில் நடப்பனவே தீர்மானிக்கும். அக்கொப்பியின் வலப்பக்கம் முழுவதும் பிறருடைய அட்டவணை. ஒரு வீட்டுப் பிள்ளையின் சாதகத்தை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாருடைய கிரகநிலையையும் பார்ப்பது போலிருந்தது எமக்கு.

முதியவருக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. அதற்குக் காரணமும் வைத்திருந்தார். எல்லா இரசிகரும் அட்டவணையைப் பார்த்தவுடன் ஒன்று சொல்வர்: ஏற்கெனவே தன் இடத்தை உறுதி செய்துகொண்ட அணி கடைசி ஆட்டத்திற் பெரிய வீரர்களை ஓய்வாக இருத்திவிடும், ஆகவே அதை வெல்வது எளிது என்று. 2005 ஜனவரி 2-ஆம் நாள் பஃபலோவுக்கு அப்படியொரு வரம் கிடைத்தது. தொடர்ந்து ஆறு ஆட்டம் வென்று வந்த பஃபலோ, சொந்த ஊரில், இடம் உறுதியாகிவிட்ட பிற்ஸ்பேர்க் அணியின் மாற்று வீரர்களை எதிர்கொண்டது. வென்றாற் போதும், பிறர் உதவியெல்லாம் அன்றே கிடைத்துமிருந்தது. 29–24 என்று தோற்றது. முதியவர் அன்று தம் மகனோடு அரங்கில் இருந்தாராம். “பெரிய வீரனுக்குப் பயப்படாதே, பெயர் தெரியாதவனுக்குப் பயப்படு. தன்னைக் காட்டிக்கொள்ள அவனுக்கு அன்று ஒருநாள்தான் கிடைக்கிறது,” என்று அவர் கூறியபோது பேத்தி கொப்பியை மூடிக்கொண்டாள். பிறகு மறுபடியும் திறந்தாள்.

மறு ஞாயிறு, டிசெம்பர் 17-இல், மருமகன் எம்மை அரங்குக்கே அழைத்துச் சென்றான். நகருக்குத் தெற்கே ஓச்சாட் பார்க் என்னும் சிற்றூரில் 1973-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் அந்நாளில் 70,000 பேருக்கு மேல் அமர முடிந்தது. கூரை இருக்கவில்லை. குளிருக்குப் பயந்த ஊராயின் கூரை போட்டிருக்கும். இவர்கள் குளிரைத் தம் அணியில் ஓர் ஆட்டக்காரனாகவே சேர்த்துக்கொண்டவர்கள். 2023-இல் தெருவுக்கு எதிர்ப்புறம் புதிய அரங்கைக் கட்டத் தொடங்கியபோதுங்கூட முழுக்கூரை வேண்டாமென்றே விட்டனர். ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகவே வண்டிகள் நிறுத்தும் வெளியெங்கும் அடுப்பு மூண்டுவிட்டது. இறைச்சி வாட்டும் புகை, கோழிச்சிறகுப் பொரியலின் காரம், சிறுவர் பனியில் உருளும் கூச்சல். எமது திருவிழாத் தண்ணீர்ப் பந்தல்களைப் போல, அறியாதவரையும் அழைத்து உண்ணக் கொடுக்கின்றனர். ஆனால் இளைஞர் சிலர் வண்டியின் மேலேறி நின்று, கீழே விரித்த மடிப்பு மேசைமீது குதித்து அதனை உடைத்து மகிழும் வழக்கத்துக்கு மட்டும் எமக்கு விளக்கம் கிடைக்கவில்லை. மருமகனைக் கேட்டோம். “அது ஒரு நேர்த்தி போல,” என்றான். எமக்கு அது நல்ல மேசைக்கு வந்த கேடாகவே பட்டது.

ஆட்டம் 24–16 என்று பஃபலோவுக்கு வெற்றியாயிற்று. ஆனால் அரங்கிலே எம்மைக் கவர்ந்தது ஆட்டமன்று. இடைவேளைகளிற் பெருந்திரையில் வேற்றூர் ஆட்டங்களின் கணக்கு வரும்போதெல்லாம், அத்தனை ஆயிரம் தலைகளும் ஒருமிக்க நிமிர்ந்தன. எங்கோ முன்பின் பாராத ஊரில் ஒருவன் பந்தைத் தவறவிட்டதற்கு இங்கே ஆரவாரம் எழுந்தது. எம்முன் அமர்ந்திருந்த ஒரு தாய், மடியிலிருந்த குழந்தைக்குக் கையுறை மாட்டிக்கொண்டே, “இன்னும் ஒன்று தோற்கவேண்டும், இன்னும் ஒன்று,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசெம்பர் 24-இல் பேட்ரியட்ஸ் 37–16 என்று வென்றனர். பென்சில் எழுத்து அழியவில்லை. இடைவேளையின்போது 13–13 என்று சமமாக நின்றார்கள் என்பதும், அதற்குச் சற்று முன் பஃபலோ பெற்ற இலக்கொன்றை நடுவர்கள் படத்தை மீண்டும் பார்த்து மறுத்துவிட்டார்கள் என்பதும் அவ்வாரம் முழுவதும் கடைத்தெருவிலும் தேவாலய வாசலிலும் பேச்சாக இருந்தன. முதியவர் ஒன்றும் பேசவில்லை. நத்தார் விருந்துக்கு எம்மையும் அழைத்திருந்தார். உண்டபின் பேத்தி எழுந்து உள்ளே போனாள். அப்பொழுதுதான் அவர் எம்மிடம் மெல்லச் சொன்னார்: “எனக்குக் கிண்ணம் வேண்டாம். அவள் இந்த வீட்டை விட்டுப் போகுமுன் ஜனவரியில் ஓர் ஆட்டம் பார்க்கவேண்டும். ஒன்றே ஒன்று. தோற்றாலும் பரவாயில்லை.” தம் மகன் போனதைப் போல அவளும் போய்விடுவாள் என்பதை அவர் ஐயமற அறிந்திருந்தார். கணக்கில் நம்பிக்கையில்லை என்றவர் மனத்திலும் ஒரு கணக்கு இருந்தது.

கடைசி வாரம். டிசெம்பர் 31. எல்லா ஊர் ஆட்டங்களும் ஒருவர் முடிவைக் கண்டு மற்றவர் சோர்ந்துவிடாதபடி, பஃபலோவைத் தொடும் நான்கு ஆட்டங்களையும் பிற்பகல் 4.25-க்கே ஒருங்கே வைத்துவிட்டனர். பேத்தி கொப்பியிலே ஒரு மரம் வரைந்தாள். நான்கு ஆட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு முடிவு. சமநிலை அருமையாதலின் அதனை விட்டுவிட்டாள். ஆக 16 கிளை. பஃபலோ மயாமியிடம் தோற்றால் 8 கிளையும் உடனே முறிந்துவிடும். எஞ்சிய 8-இல், பல்டிமோர் தோற்கும் 4 கிளைகளிலும் பஃபலோவுக்கு இடமுண்டு. பல்டிமோர் வென்றாலோ, டென்னசியும் லொஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸும் இரண்டுமே தோற்கவேண்டும். அது ஒரே கிளை. ஆக 16-இல் 5. எல்லாக் கிளையும் ஒரே தடிப்பாயின் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கிளைகள் ஒரே தடிப்பல்ல. பல்டிமோர் சொந்த ஊரில் விளையாடியது. எதிரணியான சின்சினாட்டியோ 6 வெற்றி மட்டும் பெற்று, வாய்ப்பெல்லாம் இழந்து, பருவத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் காத்திருந்தது.

இங்கே மாணவர்களுக்குச் சுவையான ஒரு நுட்பம் உண்டு. பஃபலோ, நவம்பரில் சார்ஜர்ஸிடம் 54–24 என்று அவமானப்படும்படி தோற்றிருந்தது. பஃபலோவும் சார்ஜர்ஸும் மட்டும் சமமாக முடித்தால், இருவரும் நேரே மோதிய ஆட்டம் பார்க்கப்படும், பஃபலோ தொலைந்தது. ஆனால் பல்டிமோரும் தோற்று 9–7-இல் அவர்களோடு வந்து சேர்ந்தால், சமமாக நிற்போர் மூவர். அப்போது, ஒருவர் மற்ற இருவரையும் வென்றிராவிட்டால், நேர்மோதற் கணக்கு தள்ளப்படும். பெரும்பிரிவுக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்குக்கே விதி செல்லும். அதில் பஃபலோவும் பல்டிமோரும் 7–5, சார்ஜர்ஸ் 6–6. தன்னை மிதித்தவனிடமிருந்து தப்ப, மூன்றாம் ஒருவன் வழுக்கி விழுந்து நடுவே வரவேண்டும்! நாம் இதனை விளங்கிக்கொள்ள இரண்டு கோப்பை தேநீர் பிடித்தது. அதுவரை நாம் விருந்தாளி. விளங்கிய பின் நாமும் கட்சிக்காரர். ரொறன்ரோவுக்குத் தொலைபேசியிற் கூப்பிட்டு, வருடப் பிறப்புக்கும் வரமாட்டோம் என்று அறிவித்துவிட்டோம்.

அன்று மாலை அந்த முன்னறையில் நாம் எண்மர். தொலைக்காட்சியில் மயாமி, மருமகனின் கைபேசியில் பல்டிமோர். பஃபலோ நன்றாகவே ஆடியது. கைல் வில்லியம்ஸ் என்னும் பருத்த வீரர் பன்னிரண்டு பருவங்களாக இவ்வணியிலே எதிரியைத் தடுப்பதே தொழிலாக நின்றவர். ஒருமுறையேனும் இறுதிச் சுற்றைக் காணாதவர். எல்லைக்கோட்டுக்கு ஒரு யார் இருக்கையிற் பந்தை அவர் கையிலே கொடுத்தனர். அவர் விழுந்தடித்துக் கொண்டு உள்ளே சென்று இலக்கைப் பெற்றபோது முதியவர் முதன்முறையாகச் சிரித்தார். மயாமி இறுதியிலே துரத்தி வந்தும் 22–16 என்று முடிந்தது. டென்னசி வென்றுவிட்டதென்றும் சார்ஜர்ஸ் வென்றுகொண்டிருக்கின்றதென்றும் செய்தி வந்தது. ஆக அந்த ஒற்றைக் கிளை முறிந்தது. பல்டிமோர் ஒன்றே மிச்சம். அங்கே முன்னணியில் நின்ற சின்சினாட்டி பின்தங்கி 27–24 என்று தோற்றுக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி பல்டிமோருக்குத் திரும்பியது. மயாமியிலே ஆடி முடித்த வீரர்கள் உடைமாற்றும் அறையிற் கூடி நின்று, நாம் பார்த்த அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஒரு நிமிடத்துக்குக் குறைவான நேரம். சின்சினாட்டிக்கு நான்காவது முயற்சி. 12 யார் தேவை. எல்லைக்கு 49 யார். முதியவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் ஒலி கேட்டது. அன்டி டால்டன் என்னும் வீரர் பந்தை எறிந்தார். டைலர் பொய்ட் என்னும் இளைஞர் அதனை ஏந்தி, ஒருவரை விலக்கித் திரும்பினார். பன்னிரண்டு யாருக்கு வேண்டிய பந்து நாற்பத்தொன்பது யாரும் ஓடி எல்லைக்குள் சென்றது. 44 நொடி மிச்சம். 31–27.

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூச்சலிட்டவன் எமது மருமகன். அதனைத் தெருவே கேட்டிருக்கும். ஆனால் தெரு முழுவதும் அதே கூச்சலாகவே இருந்தது. கதவுகள் திறந்தன, வாகனங்களின் குழல் ஒலித்தது, காலுறையோடு பனியில் ஓடினவரையும் கண்டோம். முதியவர் கைகளைத் துடைத்தபடி வாயிலில் வந்து நின்று, “யார் பிடித்தது?” என்று கேட்டார். பேத்தி சொன்னாள். “கேள்விப்பட்டதில்லை,” என்றார். பின்பு சுவரிலே கையூன்றிச் சிறிது நேரம் அப்படியே நின்றார். தென்மாநிலத்திலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தார். இருவரும் பேசியதைவிடப் பேசாதிருந்த நேரமே அதிகம்.

டென்னசி, பஃபலோ, பல்டிமோர், சார்ஜர்ஸ் நான்கும் 9–7 என்றே முடித்திருந்தன. ஐந்தாம் இடம் டென்னசிக்கு. பிறகு சார்ஜர்ஸ் நீங்கியது. பல்டிமோரோடு எஞ்சிய சமநிலையில், தாம் வென்ற எதிரிகளின் வலிமையைக் கணக்கிடும் விதியாற் பஃபலோ உள்ளே சென்றது. அவ்விரவு அணி வந்திறங்கிய விமானம் நள்ளிரவு கடந்தே பஃபலோவை அடைந்தது. குருதியை உறையவைக்கும் குளிரிலே நூற்றுக்கணக்கானோர் வேலியோரம் காத்து நின்றனர். மருமகனும் பேத்தியும் அவர்களுள் இருவர். எம்மை அழைத்தார்கள், எமது வயதைச் சொல்லித் தப்பினோம். இப்போது நினைத்தால் போயிருக்கலாம்.

அடுத்த நாட்களில் நிகழ்ந்ததே எமக்கு இன்னும் வியப்பு. டால்டனும் அவர் மனைவியும் நடத்தும், நோயுற்ற சிறார்க்கு உதவும் அறநிலையத்துக்குப் பஃபலோ மக்கள் பணம் அனுப்பத் தொடங்கினர். பெரும்பாலோர் அனுப்பிய தொகை 17 டொலர். வறண்ட பருவத்துக்கு ஒரு டொலர் வீதம். சில நாட்களுக்குள் அது இரண்டு இலட்சம் டொலரைத் தாண்டிற்று. இத்தனைக்கும் அதே டால்டனின் அணி ஒக்டோபரில் பஃபலோவை 20–16 என்று வென்றிருந்தது. பஃபலோ அணியார் தம் ஊர்ப் பெயரால் உலகெங்கும் விற்கப்படும் கோழிச்சிறகுப் பொரியலைப் பெருமளவிற் சின்சினாட்டிக்கு அனுப்பிவைத்தனர். முதியவர் கணினியிற் பணம் அனுப்ப மறுத்துவிட்டார். காசோலை எழுதி, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, முழங்காலளவு பனியில் தாமே தெருமுனைத் தபாற்பெட்டி வரை நடந்துபோனார்.

2018 ஜனவரி 7-இல் ஜக்சன்வில்லில் அந்த ஜனவரி ஆட்டம் நடைபெற்றது. பஃபலோ 10–3 என்று தோற்றது. கண்ணுக்கு அழகான ஆட்டமுமன்று. முதியவரும் பேத்தியும் ஒரே நாற்காலியின் இரு கைகளிலும் சாய்ந்திருந்து கடைசி நொடி வரை பார்த்தனர். மறுநாள் நாம் ரொறன்ரோ திரும்பினோம். பாலத்தின் மேல் நின்று திரும்பிப் பார்த்தபோது களஞ்சியங்கள் பனிமூட்டத்தில் தெரியவில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில் மருமகனிடமிருந்து கடிதம் வந்தது. புதிய பருவத்தின் ஆட்ட அட்டவணை வெளியாகிவிட்டதாம். பேத்தி தொலைவிலுள்ள கல்லூரியொன்றில் இடம் பெற்றுவிட்டாள். போகுமுன் பாட்டனாருக்குப் புதிய கொப்பி ஒன்று வாங்கிக் கோடிட்டுக் கொடுத்திருக்கிறாள். முதற் பக்கத்தின் முதல் வரியை முதியவர் தம் கையாலேயே எழுதினாராம்: செப்டெம்பர் 9, பல்டிமோரில், பல்டிமோருக்கு எதிராக. அதற்கு எதிரே பென்சிலால் வெற்றி என்றும் எழுதியிருந்தார். 47–3 என்று தோற்றார்கள்.